கல்லீரல் தணிக்கிறதா, மூட்டிவிடுகிறதா? பிரஷர் மருந்தும் மரபணு நச்சும்

கெப்போங் மாத்திரை | 3 ஆகஸ்ட் 2024, இரவு 9.12

இரண்டு மருந்து விவரங்களை அடுத்தடுத்துப் படித்ததில் வந்த குழப்பம். ஹைட்ராலசின் என்ற பிரஷர் மருந்து, கல்லீரல் சாறு சேர்க்காமலேயே பாக்டீரியாவில் மரபணுப் பிறழ்வு உண்டாக்குகிறது. 2018இல் வல்சார்தான் என்ற இன்னொரு பிரஷர் மருந்தில் அகப்பட்ட என்டிஎம்ஏ என்ற அசுத்தம், கல்லீரல் சாறு சேர்த்தால்தான் உண்டாக்குகிறது. ஒன்றைக் கல்லீரல் தணிக்கிறது, இன்னொன்றை மூட்டிவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

என் வாதம் இது: எந்த பிரஷர் மருந்தானாலும் ஏம்ஸ் சோதனையில் (பாக்டீரியாவில் பிறழ்வு வருகிறதா என்று பார்ப்பது) "எஸ்9 உடன்", அதாவது கல்லீரல் சாறு சேர்த்தது, என்ற வரியை மட்டும் பார்த்தால் போதும். விழுங்கிய மாத்திரை கல்லீரலைத் தாண்டாமல் எங்கும் போவதில்லை. "எஸ்9 இல்லாமல்" என்ற வரி வீண். தப்பு என்றால் சொல்லுங்கள்.

தட்டுக்காரி, கெலுகோர் | 3 ஆகஸ்ட், இரவு 9.50

தப்பு.

தட்டுக்காரி, கெலுகோர் | 3 ஆகஸ்ட், இரவு 10.31

ஒரு சொல்லில் விட்டால் நியாயமில்லை, விளக்குகிறேன்.

எஸ்9 என்பது கல்லீரல் இல்லை தம்பி. எலிக் கல்லீரலை அரைத்து, 9000 ஜி விசையில் சுழற்றி, மேலே தெளிந்ததை எடுத்தது. அதுவும் சாதாரண எலி இல்லை. ஃபீனோபார்பிட்டால், பீட்டா-நாப்தோஃப்ளேவோன் (முன்பு அரோக்ளார் 1254) கொடுத்துச் சில என்சைம்களை வேண்டுமென்றே பெருக்கிய எலி. சாற்றில் என்சைம் இருந்தால் மட்டும் போதாது, அதற்குத் தீனி போட வேண்டும். நாம் போடும் கலவை: என்ஏடிபி 4 மில்லிமோலார், குளுக்கோஸ்-6-பாஸ்பேட் 5, மெக்னீசியம் குளோரைடு 8, பொட்டாசியம் குளோரைடு 33, பாஸ்பேட் பஃபர் 100, பிஎச் 7.4.

இது முழுக்க சைட்டோக்ரோம் பி450 குடும்பத்துக்கான சாப்பாடு. நாம் செல்லமாக "சிப்" என்கிறோமே, அந்தக் கூட்டம். குளுகுரோனிக் அமிலம் ஒட்ட யுடிபிஜிஏ வேண்டும், சல்பேட் ஒட்ட பாப்ஸ் வேண்டும், அசிட்டைல் ஏற்ற அசிட்டைல் கோஏ வேண்டும். வழக்கமான கலவையில் இவை எதையும் ஊற்றுவதில்லை. ஆக தட்டில் நடப்பது பாதிக் கல்லீரல். ஆக்சிஜன் ஏற்றிக் கிளறும் பாதி உண்டு, கட்டி வெளியே அனுப்பும் பாதி இல்லை.

ஹைட்ராலசினை உடம்பு கழிப்பதில் அசிட்டைல் ஏற்றம்தான் (அசிட்டைல் என்ற சிறு துண்டை ஒட்டுவது) பெரிய பங்கு. அந்த வேலையே நடக்காத தட்டில் "எஸ்9 உடன்" வரி ஹைட்ராலசினுக்கு என்ன சொல்லிவிடும்?

ஒன்பதாயிரம் ஜி | 4 ஆகஸ்ட், காலை 7.05

தட்டுக்காரி சொன்னதற்கு மேலே ஒரு கல்.

1982இல் முயல் கல்லீரல் செல்களை வைத்து ஒரு சோதனை வந்தது. முயலிலும் மனிதனைப் போலவே வேகமாக அசிட்டைல் ஏற்றுவது, மெதுவாக ஏற்றுவது என்று இரண்டு பிறவி வகை உண்டு. இரண்டு வகையிலிருந்தும் செல்களைப் பிரித்து, ஹைட்ராலசினும் 2-அமினோஃப்ளூரின் என்ற வேதிப்பொருளும் தனித்தனியாகக் கொடுத்து, டிஎன்ஏ பழுதுபார்ப்பு எவ்வளவு தூண்டப்படுகிறது என்று அளந்தார்கள் (பழுதுபார்ப்பு கூடினால் டிஎன்ஏவுக்கு அடி விழுந்திருக்கிறது என்று பொருள்). ஹைட்ராலசின் மெதுவான முயலின் செல்லில்தான் டிஎன்ஏவைத் தொட்டது. அமினோஃப்ளூரின் நேர் எதிர், வேகமான முயலின் செல்லில் அதிகம் கடித்தது.

அசிட்டைல் ஏற்றும் என்சைம் ஒன்றுதான், என்ஏடி2. ஒரு பொருளுக்கு அது காவல்காரன், இன்னொன்றுக்கு அதுவே கதவைத் திறந்துவிடுகிறவன். ஆகவே கல்லீரல் தணிக்கிறதா மூட்டிவிடுகிறதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த மருந்து, எந்த என்சைம், யாருடைய என்சைம் என்று மூன்றாக உடைத்துக் கேளுங்கள்.

"யாருடைய" என்பது நம் மலேசியாவில் வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஒரே கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலையம்) வரிசையில் மூன்று இனமும் உட்கார்ந்திருக்கிறது. சீன வம்சாவளியில் மெதுவான வகை ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், இந்திய வம்சாவளியில் பாதிக்கு மேல். வாய்வழி ஹைட்ராலசினில் இரத்தத்தை எட்டுவது மெதுவானவரில் 30–35 விழுக்காடு, வேகமானவரில் 10–16. ஒரே மாத்திரை, இரண்டு முதல் மூன்று மடங்கு வித்தியாசம். லூபஸ் போன்ற பக்கவிளைவு மெதுவானவரிடமும், நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும்போதும் கூடுதலாக வருவது இதனால்தான்.

கெப்போங் மாத்திரை | 4 ஆகஸ்ட், காலை 8.20

அப்படியானால் இந்திய வம்சாவளி நோயாளிக்கு ஹைட்ராலசின் கொடுத்தால் புற்றுநோய் அபாயம் அதிகம் என்று வருகிறதே?

ஒன்பதாயிரம் ஜி | 4 ஆகஸ்ட், காலை 8.34

வரவில்லை. அவசரப்படாதீர்கள். பாக்டீரியாவில் பாசிட்டிவ், எலிக் கல்லீரல் செல் சோதனை இரண்டில் ஒன்றிலும் முயல் செல்லிலும் டிஎன்ஏ பழுதுபார்ப்பு. இவ்வளவுதான் ஒரு பக்கம். மறுபக்கம் லிம்ஃபோமா செல், சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட், சீன ஹாம்ஸ்டர் எலும்பு மஜ்ஜை, மனித ஃபைப்ரோபிளாஸ்ட் எல்லாம் நெகடிவ். ஐஏஆர்சி (உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை) அதை 3ஆம் பிரிவில்தான் வைத்திருக்கிறது, அதாவது வகைப்படுத்தச் சான்று போதாது.

ஒன்பதாயிரம் ஜி | 4 ஆகஸ்ட், மதியம் 1.15

காலையில் எழுதிய முயல் கதையில் ஒரு விடுபாடு. மெதுவான முயலுக்கு அந்த மரபணுவே அறுந்துபோயிருக்கிறது. மெதுவான மனிதருக்கு மரபணு உண்டு, எழுத்துப்பிழையோடு உண்டு. என்சைம் குறைவாகவோ நிலைப்பில்லாமலோ வரும், அடியோடு இல்லாமல் போகாது. முயலில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது மனிதரில் சாம்பல்தான். "மனிதனைப் போலவே" என்று நான் எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் | 4 ஆகஸ்ட், இரவு 10.02

நான் பட்டர்வொர்த் பக்கம், மருந்துப் பதிவுக் கோப்பு எழுதுகிற ஆள். வல்சார்தான் விஷயத்தில் கேள்வியே சற்று வழுக்குகிறது. மூட்டிவிடப்பட்டது மருந்து இல்லை, மருந்தில் ஒட்டி வந்த அசுத்தம். வல்சார்தானைக் கல்லீரல் அதிகம் தொடுவதே இல்லை, ஐந்தில் ஒரு பங்குதான் மாற்றமடைகிறது.

என்டிஎம்ஏ எப்படி வந்தது? வல்சார்தான் மூலக்கூறின் ஒரு பகுதியான டெட்ரசோல் வளையம் கட்ட சோடியம் அசைடு போடுகிறார்கள். வேலை முடிந்ததும் மிச்ச அசைடை அழிக்க சோடியம் நைட்ரைட்டும் அமிலமும். கரைப்பானோ டிஎம்எஃப், அது சிதைந்தால் டைமெத்தில் அமின். அமின், நைட்ரைட், அமிலம் மூன்றும் ஒரே பானையில். மிச்சத்தைச் சொல்ல வேண்டுமா? சீன மூலப்பொருள் நிறுவனமான ஜெஜியாங் ஹுவாஹாய் 2012இல் மாற்றிய செய்முறையில் இருந்த கோளாறு, 2018 ஜூலையில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. நம் நாட்டிலும் அந்த மூலப்பொருள் போட்ட மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்கள்.

வரம்பு: என்டிஎம்ஏ நாளுக்கு 96 நானோகிராம், அதன் உறவான என்டிஇஏ 26.5. வல்சார்தானின் உச்ச அளவு 320 மில்லிகிராம். 96ஐ 320ஆல் வகுத்தால் 0.3, ஆக 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.3 பங்கு). பிபிஎம்மை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வேறு மருந்துக்குப் போட்டுவிடாதீர்கள். தினசரி அளவு மாறினால் பிபிஎம்மும் மாறும்.

தட்டுக்காரி, கெலுகோர் | 4 ஆகஸ்ட், இரவு 10.40

என்டிஎம்ஏ தானாக ஒன்றும் செய்யாது. சிப்2இ1 வந்து மெத்தில் கார்பன் ஒன்றில் ஹைட்ராக்சில் ஏற்றும். அது நிற்காது, ஃபார்மால்டிஹைடை உதிர்த்துவிட்டு மெத்தில் டயசோனியமாக உடையும். அந்தத் துண்டுதான் டிஎன்ஏவில் மெத்திலை ஒட்டுவது. பெரும்பங்கு குவானினின் 7ஆம் நைட்ரஜனில் ஒட்டும். சிறுபங்கு 6ஆம் ஆக்சிஜனில் ஒட்டும், வினை அந்தச் சிறுபங்கில்தான். ஓ6-மெத்தில்குவானினை டிஎன்ஏ நகலெடுக்கும்போது சைட்டோசினுக்குப் பதில் தைமினோடு ஜோடி சேர்த்துவிடும். ஜிசி இருந்த இடத்தில் ஏடி.

இதே சிப்2இ1 நைட்ரோசோவைக் கழற்றிவிடவும் செய்யும், அது தணிக்கும் வழி. ஒரே என்சைமில் இரண்டு வாசல்.

கெப்போங் மாத்திரை | 5 ஆகஸ்ட், காலை 6.58

கடையில் "டாரா திங்கி (உயர் இரத்த அழுத்தம்) மாத்திரையில் புற்றுநோய் வரவைக்கும் மருந்து கலந்திருக்காமே" என்று கேட்டுக்கொண்டு இன்னும் வருகிறார்கள். கருவாட்டிலும் அதே என்டிஎம்ஏ உண்டு என்று சொன்னால் மாத்திரையை விட்டுவிட்டுக் கருவாட்டைத் தொடர்கிறார்கள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் | 5 ஆகஸ்ட், காலை 7.30

கருவாட்டை உதாரணம் காட்டி யாரையும் சமாதானப்படுத்தாதீர்கள் லா. சீன முறை உப்பு மீனை ஐஏஆர்சி 1ஆம் பிரிவில் (புற்றுநோய் உண்டாக்குவது உறுதி) வைத்திருக்கிறது. என்டிஎம்ஏவே 2ஏதான் (அநேகமாக உண்டாக்கும்).

சொல்ல வேண்டிய கணக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கொடுத்தது: கலப்படமான 320 மில்லிகிராம் வல்சார்தானை 8,000 பேர் நான்கு ஆண்டு தினமும் சாப்பிட்டால் கூடுதலாக ஒரு புற்றுநோய். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தி பிரஷர் ஏறினால் பக்கவாதத்துக்கு நான்கு ஆண்டு தேவையில்லை. மாற்று மாத்திரை கையில் வரும்வரை பழையதை நிறுத்தாதே என்பதுதான் அன்றைக்கும் சொன்னது.

ஒன்பதாயிரம் ஜி | 5 ஆகஸ்ட், இரவு 8.11

ஆறுதலாக ஒன்று: என்டிஎம்ஏ குறைந்த அளவில் வந்தால் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துவிடும், மற்ற உறுப்புக்கு மிஞ்சாது.

தட்டுக்காரி, கெலுகோர் | 5 ஆகஸ்ட், இரவு 8.19

அண்ணே, அது எலியில். எலியில் பத்தில் ஒரு பங்குதான் தப்பிப் போகும். நாயிலும் பன்றியிலும் பெரும்பங்கு தப்பிவிடுகிறது, குரங்கில் பாதி. உடல் பெரிதானால் முதல் சுற்றுக் காவல் தளர்கிறது. எலிக் கணக்கை நம் தலையில் கட்ட முடியாது. மேலும் பிடித்துவிடும் என்றால் என்ன பொருள்? கல்லீரலுக்குள்ளேயே உடைத்து மெத்தில் ஒட்டும் என்று பொருள். பிடித்தவனுக்குத்தான் அடி.

ஒன்பதாயிரம் ஜி | 5 ஆகஸ்ட், இரவு 8.44

சரி, ஆறுதலைத் திரும்பப் பெறுகிறேன். (இதற்கும் ஒரு ரீகால் நோட்டீஸ் போட வேண்டுமா?)

ஆனால் இதோடு சேரும் ஒன்று: சாராயமும் சிப்2இ1இல்தான் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் சாராயம் வாசலை அடைத்துக்கொள்ளும், நைட்ரோசமின் (என்டிஎம்ஏ சேர்ந்த குடும்பம்) கல்லீரலைத் தாண்டி உணவுக்குழாய், சிறுநீரகம் என்று போகும். விலங்குகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. தினமும் குடிப்பவரிடம் வேறு கதை, அங்கே என்சைமே பெருகியிருக்கும்.

கெப்போங் மாத்திரை | 7 ஆகஸ்ட், இரவு 9.30

நடைமுறைக் கேள்வி. கம்பெனிகள் "எங்கள் நைட்ரோசமின் ஏம்ஸில் நெகடிவ்" என்று காட்டினால் எதைப் பார்த்து நம்புவது, எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது?

தட்டுக்காரி, கெலுகோர் | 7 ஆகஸ்ட், இரவு 11.48

இதற்காகத்தான் காத்திருந்தேன். நீளும்.

முதலில் எந்த முறை என்று பாருங்கள். பழைய வழக்கம், மேல் அகார் 2 மில்லியில் பாக்டீரியா 0.1, எஸ்9 கலவை 0.5, மருந்துக் கரைசல் 0.1 எல்லாவற்றையும் கலந்து உடனே தட்டில் ஊற்றிவிடுவது. நைட்ரோசமினுக்கு இது ஆகாது. அந்த டயசோனியம் துண்டுக்கு ஆயுள் குறைவு, அகார் இறுகிவிட்டால் என்சைமும் பாக்டீரியாவும் மருந்தும் ஒன்றையொன்று எட்டுவது கடினம். அகார் சேர்க்காமல் 37 டிகிரியில் 30 நிமிடம் குலுக்கி வைத்துவிட்டுப் பிறகு ஊற்ற வேண்டும். அறிக்கையில் "முன்-ஊறல்" இல்லையென்றால் அந்த நெகடிவைத் தூக்கி ஓரம் வையுங்கள்.

அடுத்து எஸ்9 எந்த விலங்கு, எத்தனை விழுக்காடு. வழக்கமாகக் கலவையில் 10 விழுக்காடு எலி எஸ்9 போட்டு முடித்துவிடுவார்கள். நைட்ரோசமினுக்கு 30 விழுக்காடு எலி, 30 விழுக்காடு ஹாம்ஸ்டர், இரண்டும் தனித்தனியாக. அரோக்ளாரும் ஃபீனோபார்பிட்டாலும் பெருக்குவது சிப்1ஏ, 2பி வகைகளை, 2இ1ஐ அல்ல. ஹாம்ஸ்டர் சாறு நைட்ரோசமினை நன்றாகவே கிளறும்.

கரைப்பான். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குவது. டிஎம்எஸ்ஓ சிப்2இ1ஐ அடைத்துவிடும். தண்ணீரில் கரையும் பொருளைப் பழக்கதோஷத்தில் டிஎம்எஸ்ஓவில் கரைத்து, அதை 0.1 மில்லி ஊற்றி, நெகடிவ் என்று கையெழுத்துப் போட்டால், கையைக் கட்டிவிட்டு அடிக்கவில்லை என்று சாட்சி சொன்ன மாதிரி.

கட்டுப்பாட்டுத் தட்டு. 2-அமினோஆந்த்ரசீன் ஒன்றை மட்டும் வைத்து எஸ்9 வேலை செய்தது என்று காட்டினால் ஏற்காதீர்கள். ஏம்ஸ் சோதனைக்கான ஓஇசிடி 471 வழிகாட்டியே அதை மட்டும் நம்பாதே என்கிறது, பென்சோபைரீன் போன்ற ஒன்று கூட வேண்டும். நைட்ரோசமின் சோதனை என்றால் நைட்ரோசமின் வகையிலேயே இரண்டு பாசிட்டிவ் கட்டுப்பாடு வேண்டும். 2இ1 செத்துப்போன எஸ்9இலும் 2-அமினோஆந்த்ரசீன் தட்டு சிவராத்திரி மாதிரி விழித்துக்கொண்டு நிற்கும்.

கடைசியாகத் தட்டையே பார்க்க வேண்டும், எண்ணை மட்டும் இல்லை. சோதனைப் பாக்டீரியா ஹிஸ்டிடின் இல்லாமல் வளராது, பிறழ்ந்தவை மட்டும் வளர்ந்து காலனி ஆகும். டிஏ100 என்ற பாக்டீரியா வகையில் மருந்து இல்லாமல் தானாகவே 100–200 காலனி வரும், டிஏ1535 வகையில் 5–20தான். அதனால் டிஏ100க்கு இரண்டு மடங்கு, டிஏ1535க்கு மூன்று மடங்கு ஏறினால் பாசிட்டிவ் என்று பொதுவாக வைக்கிறோம். அதிக அளவுத் தட்டில் எண் திடீரென்று ஏறியிருந்தால் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, காலனிகளுக்கு இடையிலுள்ள மங்கலான படலத்தைப் பாருங்கள். மருந்து பாக்டீரியாவைக் கொன்றிருந்தால் படலம் கிழிந்து, கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். மேல் அகாரில் போட்ட துளி ஹிஸ்டிடினைச் சாப்பிட ஆள் குறைந்ததால், பிழைத்தவை பிறழ்வு இல்லாமலேயே ஊசிமுனை அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வளரும். எண்ணும் இயந்திரம் அதையும் காலனி என்று எண்ணிவிடும். சந்தேகம் வந்தால் பத்துப் பொட்டைக் குச்சியில் எடுத்து, பயோட்டின் உள்ள, ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் கீறி 37 டிகிரியில் வைத்துப் பாருங்கள். வளர்ந்தால் உண்மை. வளராவிட்டால் பட்டினியில் செத்த பொட்டு.

தட்டுக்காரி, கெலுகோர் | 8 ஆகஸ்ட், காலை 6.40

விட்டுப்போனது. எஸ்9 சேர்த்ததும் பாசிட்டிவ் குறைந்தால் "கல்லீரல் தணித்தது" என்று எழுதிவிடுகிறார்கள். எஸ்9இல் புரதம் ஏராளம், மருந்தைச் சும்மா பிடித்து வைத்துக்கொண்டாலும் எண் குறையும். என்ஏடிபி இல்லாமல் எஸ்9 மட்டும் ஊற்றிய ஒரு தட்டு வரிசை வையுங்கள். அதிலும் குறைந்தால் என்சைம் வேலை இல்லை, வெறும் பஞ்சு வேலை.

பாலத்துக்கு இந்தப் பக்கம் | 8 ஆகஸ்ட், காலை 9.05

எஸ்9 வாங்குகிறவர்களுக்கு: பினாங்கு விமான நிலையமான பாயான் லெப்பாஸில் இறங்கினாலும் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் இறங்கினாலும் வெள்ளிக்கிழமை இறங்கும்படி ஆர்டர் போடாதீர்கள். நுரைப்பெட்டியில் உலர்பனி நாளுக்கு 2 முதல் 5 கிலோ கரைந்து போகும், சனி ஞாயிறு கிடங்கில் கிடந்தால் திங்களன்று கிடைப்பது கல்லீரல் சூப். பெட்டியைத் திறந்ததும் உலர்பனி மிச்சம் இருக்கிறதா என்று படம் எடுத்து வைக்கவும். மைனஸ் 80இல் சிறு குப்பிகளாக, ஐஸில் வைத்து உருக்கி, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி உறைய வைத்த எஸ்9ஐ யாரும் நம்பக்கூடாது.

கெப்போங் மாத்திரை | 10 ஆகஸ்ட், இரவு 10.10

புரிந்தது. அப்படியானால் கல்லீரல் தொடாத மருந்து பாதுகாப்பு என்று வைத்துக்கொள்ளலாமா? ஹைட்ரோகுளோரோதயசைடு மாறாமலேயே சிறுநீரில் போகிறதே.

ஒன்பதாயிரம் ஜி | 11 ஆகஸ்ட், காலை 7.22

நல்ல வலை, ஆனால் மீன் நழுவும். ஹைட்ரோகுளோரோதயசைடு ஏம்ஸில் நெகடிவ். ஆனால் சீன ஹாம்ஸ்டர் சூலகச் செல்லில் சகோதர இழைப் பரிமாற்றமும் (குரோமோசோமின் இரட்டை இழைகள் துண்டு மாற்றிக்கொள்வது), சுண்டெலி லிம்ஃபோமாவில் பிறழ்வும் பாசிட்டிவ். கல்லீரல் இதில் வரவே இல்லை.

அந்த பாசிட்டிவ் எந்த அளவில் என்று பாருங்கள்: மில்லிக்கு 43 முதல் 1300 மைக்ரோகிராம். இந்த மருந்தின் மூலக்கூறு எடை 298க்குக் கொஞ்சம் குறைவு, ஆக 1300 என்பது 4 மில்லிமோலாருக்கு மேல். மரபணு நச்சுச் சோதனைக்கான சர்வதேச வழிகாட்டியான ஐசிஎச் எஸ்2 மருந்துகளுக்குப் பாலூட்டிச் செல்லில் வைக்கும் மேல்வரம்பு 1 மில்லிமோலார். 100 மில்லிகிராம் வரை விழுங்கினாலும் இரத்தத்தில் உச்சம் மில்லிக்கு 490 நானோகிராம்தான். சோதனையின் கீழ்முனையான 43 மைக்ரோகிராமே அதைப் போலச் சுமார் 88 மடங்கு.

இருந்தும் ஐஏஆர்சி 2013இல் அதை 2பியில் (புற்றுநோய் உண்டாக்கக்கூடும்) வைத்தது. டென்மார்க் பதிவேட்டு ஆய்வில், மொத்தம் 50,000 மில்லிகிராமைத் தாண்டியவர்களிடம் மெலனோமா அல்லாத தோல் புற்று கூடியிருந்தது. 25 மில்லிகிராம் மாத்திரை என்றால் 2,000 நாள், ஐந்தரை ஆண்டு. அங்கே சந்தேகப்படும் இடம் கல்லீரல் இல்லை, வெயில் படும் தோல். மருந்தை மூட்டிவிடுவது புற ஊதா ஒளி. எஸ்9 எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அது தட்டில் தெரியாது.

தட்டுக்காரி, கெலுகோர் | 11 ஆகஸ்ட், காலை 7.50

"எஸ்9 இல்லாமல்" வரி வீண் என்ற முதல் வாதம் இந்த இடத்தில் முறிகிறது, தம்பி.

பாலத்துக்கு இந்தப் பக்கம் | 11 ஆகஸ்ட், மாலை 5.15

எதிர்த்திசைக்கு ஸ்பைரனோலாக்டோன் என்ற பிரஷர் மருந்து. அதன் உறவான பொட்டாசியம் கான்ரினோயேட் எலிகளில், கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஓராண்டு கொடுத்ததில், இரத்தப் புற்று வந்தது. பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் இரண்டுமே நெகடிவ். எஸ்9 சேர்த்த பாலூட்டிச் செல் சோதனைகளில் கான்ரினோயேட் சிலவற்றில் பாசிட்டிவ், சிலவற்றில் நெகடிவ், சிலவற்றில் இரண்டும் கெட்டான்.

கான்ரினோயேட்டிலிருந்து உடம்பில் வரும் கான்ரினோன் ஸ்பைரனோலாக்டோனிலிருந்தும் வருகிறது. எனவே அபாயம் ஒன்றுதான்.

ஒன்பதாயிரம் ஜி | 11 ஆகஸ்ட், இரவு 9.00

கடைசி வரி நிற்காது. கான்ரினோனின் 6-7 இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன் ஏறி எப்பாக்சைடு (டிஎன்ஏவோடு வினைபுரியக்கூடிய வடிவம்) ஆவதுதான் சந்தேகத்துக்குரிய படி. ஸ்பைரனோலாக்டோன் உடம்பில் பெரும்பாலும் 7ஆம் இடத்துக் கந்தகத்தை விடாமலேயே மாறுகிறது. கந்தகம் உட்கார்ந்திருக்கும்வரை அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பே கிடையாது, எப்பாக்சைடு எங்கே ஏறும்? கான்ரினோன் வருவது உண்மை, ஆனால் கான்ரினோயேட் கொடுத்தால் வருகிற கதையும் இதுவும் ஒன்றல்ல. உறவுக்காரன் என்பதற்காகக் கூண்டில் ஏற்ற முடியாது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் | 11 ஆகஸ்ட், இரவு 9.21

ஒப்புக்கொள்கிறேன். "எனவே" போட்டது என் தவறு.

கெப்போங் மாத்திரை | 13 ஆகஸ்ட், இரவு 10.45

பிரஷர் மருந்துகளில் பீட்டா-தடுப்பான்களைக் கேட்காமல் விட்டேன். எல்லாவற்றிலும் இரண்டாம்நிலை அமின் இருக்கிறது, நைட்ரைட் பட்டால் நைட்ரோசோ ஆகும். 2022இல் கனடாவில் நீள்விடுப்பு (மருந்தை மெதுவாக விடும்) ப்ராப்ரனலால் திரும்பப் பெறப்பட்டதும் அதனால்தானே? அதே ஆண்டு குவினாப்ரிலும் போனது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் | 14 ஆகஸ்ட், காலை 8.00

ஆம், நைட்ரோசோ-ப்ராப்ரனலால், நைட்ரோசோ-குவினாப்ரில். ஆனால் என்டிஎம்ஏவோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். நைட்ரோசோவுக்குப் பக்கத்துக் கார்பனில் எத்தனை ஹைட்ரஜன் இருக்கிறது என்பதில்தான் எல்லாம். சிப் அங்கேதான் ஹைட்ராக்சில் ஏற்ற வேண்டும். என்டிஎம்ஏவில் இருபக்கமும் வெறும் மெத்தில், வாசல் அகலத் திறந்திருக்கிறது. ப்ராப்ரனலாலில் ஒருபக்கம் ஐசோப்ரோப்பில், அந்தக் கார்பனில் ஒரே ஹைட்ரஜன், இரண்டு மெத்தில் காவலுக்கு. மறுபக்கத்துக்கு அருகிலேயே ஹைட்ராக்சில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது.

2023இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்த அமைப்பை வைத்தே மதிப்பெண் போட்டு 5 பிரிவாகப் பிரித்தன: நாளுக்கு 18, 100, 400, 1500, 1500 நானோகிராம். நைட்ரோசோ-ப்ராப்ரனலால், மெட்டோப்ரோலால், அட்டெனலால் மூன்றுக்கும் 1500. கல்லீரல் என்சைமுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதை வைத்து வரம்பு போட்டது அநேகமாக இதுதான் முதல் தடவை.

தட்டுக்காரி, கெலுகோர் | 14 ஆகஸ்ட், மதியம் 12.35

4க்கும் 5க்கும் ஒரே எண்ணா என்று கேட்க வருகிறவர்களுக்கு: எழுத்துப்பிழை இல்லை, அப்படித்தான்.

இன்னொரு பிரஷர் மருந்தான ஓல்மெசார்தானையும் சேர்த்துவிடுகிறேன். ஏம்ஸ் நெகடிவ், வளர்ப்புச் செல்லில் குரோமோசோம் உடைவு பாசிட்டிவ், மாத்திரையில் உள்ள மெடாக்சோமில் ஒட்டிய வடிவம் லிம்ஃபோமா செல்லிலும் பாசிட்டிவ். உயிருள்ள சுண்டெலியில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை வாய்வழி கொடுத்தும் மஜ்ஜையில் நுண்கரு (குரோமோசோம் உடைந்ததன் அடையாளம்) இல்லை. மரபணு மாற்றிய சுண்டெலியின் குடலிலும் சிறுநீரகத்திலும் பிறழ்வு இல்லை. மெடாக்சோமில் குடல் சுவரிலேயே கழன்றுவிடுகிறது, அதனால்தான் குடலைப் பார்த்தார்கள். எந்த உறுப்பில் மாற்றம் நடக்கிறதோ அங்கே தேடுவது நல்ல புத்தி.

கெப்போங் மாத்திரை | 16 ஆகஸ்ட், இரவு 9.40

கடைச் சுவரில் ஒட்ட ஒரு அட்டவணை தயாரிக்கிறேன். ஹைட்ராலசின் வரி இப்படி: "ஏம்ஸ்: எஸ்9 இல்லாமலே பாசிட்டிவ். கழிப்பது: என்ஏடி2, தட்டில் இது இல்லை. இந்திய வம்சாவளியில் பாதிக்கு மேல் மெதுவான வகை, அளவு 200 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்க்கவும். புற்றுநோய்: ஆபத்து இல்லை."

ஒன்பதாயிரம் ஜி | 16 ஆகஸ்ட், இரவு 9.58

"ஆபத்து இல்லை" வேண்டாம். "ஐஏஆர்சி 3, வகைப்படுத்தச் சான்று போதாது" என்று போடுங்கள். மெதுவான வகை வரியைச் சுவரில் ஒட்டாதீர்கள், படிக்கிறவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். அது உங்கள் கவுண்டருக்குள் இருக்கட்டும்.

தட்டுக்காரி, கெலுகோர் | 16 ஆகஸ்ட், இரவு 10.03

"தட்டில் இது இல்லை" என்பதும் சரியில்லை. என்சைம் தட்டில் உண்டு தம்பி, சைட்டோசாலோடு வந்துவிடும். இல்லாதது அசிட்டைல் கோஏ. அதை மாற்றிவிட்டு அச்சடியுங்கள்.